புதியவனுக்கு இடம் உண்டா?

ஆரியசாலைச் சந்திப்பில், மிளகாய் மூட்டைகளின் நெடியும் மல்லிகைச் சரங்களின் மணமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் ஒரு மூலையில், அண்ணாச்சி ஒருவரின் தேநீர்க்கடை இருக்கிறது. கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் நோக்கி நடப்போர் அதைப் பார்த்திருப்பர். பார்த்தும் பொருட்படுத்தாமல் போயிருப்பர். ஆனால், இந்நகரில் பயிலும் தமிழ் மாணவர் பலருக்கு அது வெறும் கடையன்று. நால்வர் கூடினால் அது பட்டிமன்றம். எண்மர் கூடினால் சட்டமன்றம். தீர்ப்பு மட்டும் எந்நாளும் வந்ததில்லை. தேநீர் ஆறுவதுதான் மிச்சம்!

சென்ற வாரம் அந்த மன்றத்தில் எழுந்த வழக்கு நம் கால்பந்து அணியைப் பற்றியது. துறைகளுக்கிடையேயான போட்டி நெருங்கிவிட்டது. நம் அணியின் பின்வரிசை நடுவில் மூன்றாண்டுகளாகத் தூண்போல் நின்ற அண்ணனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. ஓடுகிறார், ஆனால் திரும்ப முடியவில்லை. அந்த இடத்திற்கு வேறு யார்? குமரிக் கடற்கரையிலிருந்து இவ்வாண்டு வந்து சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன். உயரம் உண்டு, ஓட்டம் உண்டு, உயரப் பந்தைத் தலையால் அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தேடி ஓடும். ஆனால், ஒரு முழுப் போட்டியில் அவன் இதுவரை தொடக்கத்திலிருந்து ஆடியதில்லை. அவனை முதல் பதினொருவரில் நிறுத்தலாமா? இதுதான் வழக்கு.

இதில் எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அணியைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் நான் ஒருவன். மற்ற இருவரும் இரு துருவங்களில் நிற்கின்றனர். ஆகவே தராசு என் கையில் வந்து விழுந்திருக்கிறது. அந்தத் தராசைப் பிடித்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வேண்டாம் என்போர் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அன்று கடையில் மூன்றாமாண்டு நண்பர் ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டார்: “முன்வரிசையில் ஆடுகிறவன் பத்து வாய்ப்பைக் கோட்டை விட்டு ஒன்றைக் கோலாக்கினால் அவனைத் தோளில் தூக்குகிறீர்கள். பின்வரிசைக்காரன் பத்துப் பந்தைத் தடுத்து ஒன்றை விட்டால் என்ன செய்வீர்கள்? மாதம் முழுவதும் அவன் பெயரைச் சொல்லித் திட்டுவீர்கள். அந்த இடத்திலா ஒரு பச்சைப் பிள்ளையை நிறுத்தச் சொல்கிறீர்கள்?”

உண்மைதான். பின்வரிசை என்பது புகழ் நுழையாத வீடு. பழி மட்டும் கதவைத் தட்டாமலே உள்ளே வரும். உலகெங்கும் இப்படித்தான். அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் அது வேறு ஆட்டம். கையில் எடுத்து எறியும் முட்டை வடிவப் பந்து. அதில் பந்தை எறியும் தலைவனுக்கு முன்னால் ஐந்து பேர் மதிற்சுவராக நிற்பார்கள். எதிரிகள் பாய்ந்து வருவதைத் தம் உடம்பால் தாங்குவதே அவர்கள் தொழில். வழக்கமான ஆட்டத்தில் அவர்கள் பந்தைத் தொடுவதுகூட இல்லை. நடுவில் நிற்பவன் மட்டும் தொடக்கத்தில் அதைப் பின்னால் தள்ளிக் கொடுப்பான். அவர்கள் நன்றாகச் செய்தால் எறிந்தவனுக்குப் பாராட்டு. ஒருவன் ஒரு நொடி தவறினால் தலைவன் தரையில் கிடப்பான். அந்த ஐவர் வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனைத் தொடக்கத்திலேயே நிறுத்தலாமா என்று அந்நாட்டு இரசிகரும் பருவந்தோறும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆரியசாலைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கடல்கள் உண்டு. ஆனால் கவலை ஒன்றுதான்.

ஆயினும் நான் கேட்கிறேன்: “தயார்” என்றால் என்ன? எந்தக் கடையில் அது நிறுத்து விற்கப்படுகிறது? இத்தனை ஆட்டம் ஆடியிருக்கவேண்டும் என்கிறோம். அத்தனை ஆட்டம் ஆட இடம் கொடுத்தோமா என்றால், இல்லை. நீந்தத் தெரிந்த பிறகு ஆற்றில் இறங்கு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

நம் கண்ணெதிரே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2021-22ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் பருவம் நோய்த்தொற்றுக் காரணமாகக் கோவாவிலேயே நடந்தது. மக்கள் இல்லாத அரங்குகளில் ஆட்டம். நாம் தொலைக்காட்சிப் பெட்டிமுன் கூட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி 2021 நவம்பர் 19 அன்று தன் முதல் ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகானைச் சந்தித்தது. பின்வரிசை நடுவில் நம் திருவனந்தபுரத்து இளைஞர் பிஜோய் நின்றார். லீக்கில் அவருக்கு அது முதல் ஆட்டம். அருகே குரோவேஷியாவிலிருந்து வந்த மார்கோ லெஸ்கோவிச். ஆட்டம் 2-4 எனத் தோல்வியில் முடிந்தது. நான்கு கோல்! உடனே ஊரெங்கும் பேச்சு கிளம்பியது. “பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவர்கள் எங்கே ஜெயிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டவர் ஆயிரம் பேர். நான்கு கோலை ஓர் இளைஞன் தனியாகவா வாங்கினான்? பதினொருவர் அல்லவா வாங்கினர்! ஆனால், பழியைப் பங்கிடும்போது மட்டும் புதியவனுக்குப் பெரிய பங்கு வைப்பது நம் வழக்கமாயிற்றே.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த சில வாரங்களில் கோல்கீப்பர் ஆல்பினோ கோம்ஸ் காயமுற்று வெளியேறினார். அவர் இடத்தில் இருபது வயதுப் பிரப்சுகன் கில் வந்து நின்றார். யாரும் திட்டமிட்டு அவரைத் தயார் என்று அறிவிக்கவில்லை. காயம் அறிவித்தது. பின்வரிசை நடுவிலும் மணிப்பூரிலிருந்து வந்த ஹோர்மிபாம் என்ற மற்றோர் இளைஞர் இடம் பிடித்தார். முதல் ஆட்டத்தில் தோற்ற அந்த அணி அதன்பின் பத்து ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணவில்லை. இறுதி ஆட்டம்வரை சென்றது. 2022 மார்ச் 20 அன்று ஃபதோர்தாவில் ஐதராபாத்திடம் பெனால்டி உதைகளில்தான் கோப்பையை இழந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? அதே கில்லுக்கு! ஹோர்மிபாம் அம்மாதமே இந்திய அணியிலும் ஆடினார்.

இதிலிருந்து நான் கற்ற பாடம், “இளைஞரெல்லாம் வெல்வர்” என்பதன்று. அப்படிச் சொன்னால் அது மேடைப் பேச்சு. மூன்று இளைஞர் நின்றனர், இருவர் நிலைத்தனர், நம் ஊர்க்காரருக்கு அந்தப் பருவத்தில் வாய்ப்புக் குறைவாகவே கிடைத்தது. எனவே இளமை தானே வெற்றியைக் கொண்டுவராது. எது கொண்டுவருகிறது என்பதே கேள்வி.

அதற்கு விடையை அண்ணாச்சி சொன்னார். எங்கள் வாதத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர், தூக்கிப் பிடித்த குவளையை இறக்காமலே சொன்னார்: “ஏ தம்பி, எங்க ஊர்ல புது மாட்டப் பூட்டணும்னா பழகுன மாட்டுக்குப் பக்கத்துலதான் பூட்டுவோம். ரெண்டும் புதுசுன்னா வண்டி வாய்க்கால்ல கெடக்கும். ரெண்டும் பழசுன்னா வண்டி வீட்டுலயே கெடக்கும்.”

கடை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு 1982ஆம் ஆண்டு உலகக் கோப்பை நினைவுக்கு வந்தது. ஏட்டில் படித்ததுதான், அப்போது நான் பிறக்கவேயில்லை. இத்தாலி அணியில் பெர்கோமி என்ற பதினெட்டு வயதுப் பையன் இருந்தான். பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் பின்வரிசைக்காரர் கொலோவாட்டி காயமுற்றார். பயிற்சியாளர் பெயர்சோட் அந்தப் பையனை இறக்கினார். இத்தாலி வென்றது. ஆறு நாள் கழித்து, ஜூலை 11 அன்று மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவன் தொடக்கத்திலேயே நின்றான். இத்தாலி 3-1 என வென்றது. பையனின் துணிவை உலகம் புகழ்ந்தது. ஆனால், அவனுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். சிரேயா நின்றார், ஜென்டிலே நின்றார், அவனுக்குப் பின்னால் கோலைக் காத்து நின்ற சோஃப் என்பவருக்கு வயது நாற்பது! பதினெட்டுக்குப் பின்னால் நாற்பது. அண்ணாச்சியின் நுகத்தடி அங்கேயும் இருந்திருக்கிறது.

பிளாஸ்டர்ஸ் கதையும் அதுதான். ஹோர்மிபாமின் பக்கத்தில் முப்பது வயது லெஸ்கோவிச் நின்றார். ஒரு பருவம் சேர்ந்து நின்றபோது இருவரும் ஒரு சுவரானார்கள். ஆகவே, “இவன் தயாரா?” என்று தனியே கேட்பது தவறான கேள்வி. “இவன் பக்கத்தில் நிற்பவன் தயாரா?” என்று கேட்பதே சரியான கேள்வி.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். சென்ற மாதம் பயிற்சி ஆட்டம் ஒன்றில் இம்மாணவனைப் பின்வரிசையில் நிறுத்திப் பார்த்தோம். முதல் இருபது நிமிடம் அழகாக ஆடினான். பிறகு ஒரு கோல் விழுந்தது. என்ன நடந்தது என்று நான் கோட்டருகே நின்று பார்த்தேன். எதிரணிக்காரன் ஒருவன் நம் வலப்பக்க மூத்தவருக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தான். மூத்தவர் அதைக் காணவில்லை. நம் பையன் கண்டான். வாயைத் திறந்தான். “அண்ணா…” என்றான். மூத்தவர் காதில் விழவில்லை. “அண்ணா, கொஞ்சம் பின்னால…” என்று அவன் மரியாதையோடு தொடங்கி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் இருந்தது!

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அழுகை வந்தது. ஏனெனில், பின்வரிசை ஆட்டம் காலால் பாதி; வாயால் பாதி. நால்வரும் ஒரே கோட்டில் ஏறவேண்டும். ஒருவன் ஓரடி பின்தங்கினால் எதிரி ஆஃப்சைடுக்குத் தப்பிவிடுவான். முன்னால் ஓடுகிறவனுக்கு முதுகில் கண் இல்லை. நடுவில் நிற்பவனே எல்லாருக்கும் கண். அவன் “ஏறு!” என்றால் ஏறவேண்டும். “விடு!” என்றால் விடவேண்டும். “ஆள்!” என்றால் திரும்பவேண்டும். ஒவ்வொன்றும் ஒரே சொல். அதில் ‘அண்ணா’வுக்கும் ‘ங்க’ளுக்கும் இடம் இல்லை.

அந்தப் பையனுக்கு அது தெரியாதா? கடற்கரையில் தன் தோழரோடு ஆடும்போது அவன் குரல் அலையோசையையும் மீறும் என்று அவன் ஊர்க்காரர் சொன்னார். அந்தக் குரலை அடைத்தவர் யார்? விடுதியில் சேர்ந்த நாள்முதல் மூத்தவரைக் கண்டால் எழுந்து நில், குரல் தாழ்த்திப் பேசு, பெயர் சொல்லாதே, எதிர்த்துச் சொல்லாதே என்று அவனுக்குப் பாடம் நடத்தியவர் யார்? நாமன்றோ! ஆறு மாதம் அவன் வாயைக் கட்டிவிட்டு, ஏழாம் மாதம் களத்தில் நின்று, “இவனுக்குக் குரல் இல்லை, இன்னும் தயாராகவில்லை” என்று தீர்ப்புச் சொல்கிறோம்! கட்டியவன் குற்றமா, கட்டப்பட்டவன் குற்றமா?

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி என்ற அன்பு நம் பண்பாடு. வெளியூரில் வந்து பயிலும் நமக்கு அதுவே சோறும் துணையும். ஆனால், தன் தம்பி “அண்ணே, பின்னால வண்டி!” என்று கத்தும்போது, “ஏன் கத்துகிறாய்?” என்று கேட்கிற அண்ணன் வண்டியில்தான் அடிபடுவான். மரியாதை வாயில் இருந்தால் போதாது. அண்ணனின் காதிலும் இருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். சென்ற ஆண்டும் இதே குழுவில் நான் இருந்தேன். அப்போதும் ஒரு புதியவன் வந்தான், இதே இடத்திற்கு. “அடுத்த ஆண்டு பார்க்கலாம், தம்பி” என்று தோளில் தட்டி அனுப்பியவன் நான்தான். மிகவும் நயமாகத்தான் சொன்னேன். அவன் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்து தண்ணீர்க் குடம் சுமந்தான். இவ்வாண்டு அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அண்மையில் சாலைக் கடைத்தெருவில் அவனைக் கண்டேன். “ஏன் வரவில்லை?” என்று கேட்டேன். “விருப்பம் போயிற்று, அண்ணா” என்றான். அவ்வளவுதான். கோபம் இல்லை, குறை இல்லை. அந்த இரண்டு சொல்லும் இன்னும் என்னை விடவில்லை. தோற்ற ஆட்டத்தை அடுத்த ஆண்டு வெல்லலாம். போன விருப்பத்தை எந்த ஆண்டு மீட்பது?

இத்தகைய விருப்பத்தை விதைத்து வளர்த்தவர்களால்தான் இந்த மண்ணில் கால்பந்து தழைத்தது. 1956இல் தேசியக் கால்பந்துப் போட்டிக்காக இந்நகரில் எழுந்ததுதான் சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம். 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது, அணித்தலைவர் மணி இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்ததை இங்குள்ள முதியவர் இன்றும் சொல்வர். அந்த அணியைப் பயிற்றுவித்தவர் யார் என்பதை நம்மவரில் பலர் அறியார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தரராஜ், தமிழர். மொழி வேறான இளைஞர் கூட்டத்தோடு ஒன்றிக் கோப்பையைக் கைக்குக் கொண்டுவந்தார் அவர். அதுபோல் நம் குமரிக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் ரெஜினும் நாட்டின் பெரிய அணிகளுக்குச் சென்றனர். அவர்களுக்கும் யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், “இன்று நீ தொடக்கத்திலிருந்து ஆடு” என்று சொல்லியிருக்கவேண்டுமல்லவா?

ஆகவே, என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். அந்த முதலாண்டு மாணவன் முதல் பதினொருவரில் நிற்கவேண்டும். ஆனால், அவனைத் தனியே தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. அதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும்.

ஒன்று: பயிற்சிக் களத்தில் அவன் குரலுக்கே முதலிடம். முழங்கால் பிசகிய அண்ணன் ஆடவேண்டாம். ஆனால், கோட்டருகே நின்று அவனைக் கத்தவைக்கட்டும். அவன் ஒரே சொல்லில் கட்டளை இடவேண்டும். மூன்றாமாண்டு மாணவரும் அதற்குக் கீழ்ப்படியவேண்டும். களத்தின் வெள்ளைக் கோட்டுக்குள் ‘அண்ணா’ இல்லை. கோட்டைத் தாண்டி வெளியே வந்தபின் வழக்கம்போல் தேநீர் வாங்கிக் கொடுப்பது அண்ணன்மார் கடமை.

இரண்டு: அவனுக்குப் பக்கத்தில் பழகியவர் ஒருவர் நிற்கவேண்டும். வேகம் குறைந்தவராயினும் பரவாயில்லை, பதறாதவராக இருக்கவேண்டும். புது மாட்டின் பக்கத்தில் பழைய மாடு.

மூன்று: குறைந்தது மூன்று ஆட்டத்திற்கு அவன் இடத்தில் கைவைக்கக் கூடாது. முதல் பிழையோடு வெளியே எடுத்தால், நாம் அவனுக்குக் கற்பிப்பது ஆட்டத்தையன்று, அச்சத்தை. அஞ்சி ஆடும் பின்வரிசைக்காரன் பந்தைப் பார்ப்பதைவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அதனினும் பெரிய ஓட்டை எந்தச் சுவரிலும் இல்லை.

“மூன்று ஆட்டத்திலும் தோற்றால்?” என்று நண்பர் கேட்பார். தோற்கலாம். அந்த வாய்ப்பை நான் மறைக்கவில்லை. திரும்ப முடியாத முழங்காலோடு அண்ணன் ஆடினாலும் தோற்கலாம். அந்தத் தோல்வியில் அவர் முழங்காலும் போகும். இவன் விருப்பமும் போகும். இந்தத் தோல்வியிலோ அடுத்த மூன்றாண்டுக்கு ஒரு பின்வரிசை நமக்குக் கிடைக்கும். எந்தத் தோல்வி மலிவு என்று கணக்குப் போடுங்கள். சாலைக் கடைத்தெருவில் பயின்ற நமக்குக் கணக்குத் தெரியாதா?

வரும் வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். என் வாக்கு அவனுக்கே. எஞ்சியது உங்கள் கையில், பார்வையாளராக வரப்போகும் நண்பர்களே! அவன் ஒரு பந்தைத் தடுத்தால் கைதட்ட மறவாதீர்கள். பின்வரிசைக்குக் கைதட்டு அரிது. அவன் ஒன்றை விட்டால் ஒரு கணம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கண அமைதியில்தான் அவன் தன் குரலைத் திரும்ப எடுத்துக்கொள்வான்.

அவன் “ஏறு!” என்று கத்தும் ஓசை என் காதில் விழும் நாளில், ஆரியசாலைக் கடையில் அத்தனை பேருக்கும் தேநீர் என் கணக்கில். அண்ணாச்சியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.